ஏழாம் வாசலில் தப்பட்டை

செவ்வாய்க்கிழமை காலை ஏழு நாற்பது. டில்லி முனிர்காவில் பனிமூட்டம் விலகவில்லை. முந்தைய நாள் போன மின்சாரமும் திரும்பவில்லை.

பால் வாங்கக் கதவைத் திறந்த வீட்டுக்காரக் கிழவருக்கு மேலே இரும்பில் இரும்பு உரசும் சத்தம் கேட்டது. மூன்று மாடிக்கு மேல், மொட்டைமாடியில் ஒற்றை அறை. "கோன் ஹை? யாரது?" என்று குரல் கொடுத்தார். படியேறத் தொடங்கினார். இரண்டாம் மாடியில் மூச்சு வாங்க நின்றபோது மேலே ஒருவன் அலறினான்.

அவர் போய்ச் சேர்ந்தபோது அறைக்கதவு திறந்து கிடந்தது. தாழ்ப்பாள் பெயர்ந்து தரையில் கிடந்தது. சுவர் நான்கிலும் பழைய பஞ்சு ரஜாய்ப் போர்வைகள் ஆணியடித்து மாட்டியிருந்தன. கதவின் உட்புறத்திலும் ஒன்று. கட்டிலில் குடித்தனக்காரன் மல்லாந்து கிடந்தான். கன்னங்கள் சிவந்திருந்ததால் தூங்குகிறான் என்றே கிழவர் நினைத்தார். கட்டிலை ஒட்டி, குளிர்காயக் கரி போடும் இரும்பு அங்கீட்டி. கரி முழுவதும் சாம்பலாகியிருந்தது.

இறந்தவன் பெயர் ராஜமாணிக்கம். வயது முப்பத்து மூன்று. நான்கு வருடத்துக்கு முன் 'மானிக்' என்ற பெயரில் அவன் பாடிய ஹிந்தி பாப் கேசட் ஒன்று டில்லி ஆட்டோக்களில் ஒரு கோடைக்காலம் முழுக்க ஓடியது. அடுத்த கேசட் வரவில்லை.

அலறியவன் பெயர் அக்ஷய். நண்பன். கதவு உள்ளே தாழிட்டிருந்ததாகவும், தட்டித் தட்டிப் பார்த்து, உடைத்துத் திறந்ததாகவும் சொன்னான்.

இன்ஸ்பெக்டர் தஹியா அங்கீட்டியைப் பார்த்தார். தாழ்ப்பாளைப் பார்த்தார். விபத்து என்று எழுதிக்கொண்டார். 2001 ஜனவரி பிறந்து ஒன்பது நாளில் அவர் எல்லைக்குள் இது மூன்றாவது கரிப்புகைச் சாவு.

*

வெள்ளிக்கிழமை காலை பதினொன்று இருபது.

சாந்தகுமாரி இரண்டு பஸ் மாறிக் காவல் நிலையத்துக்கு வந்து சேர்ந்தாள். லோதி ரோட்டில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் உதவியாளர். டில்லிக்கு வந்து இருபத்திரண்டு வருடம். தமிழ் மட்டும் தெரிந்த யாராவது வந்து நின்றால் போலீஸ்காரர்கள் அவளுடைய அலுவலகத்துக்குப் போன் செய்வார்கள். இது எட்டாவது தடவை. இந்த வேலையில் அவளுக்கு ஒரே விதி. சொன்னதை மட்டும் சொல்வது. கூட்டுவதில்லை, குறைப்பதில்லை.

பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மெல்லிய நூல் சேலை. மேலே யாரோ கொடுத்த ஆண்பிள்ளை ஸ்வெட்டர். இரண்டு நாள் ரயிலில் வந்த முகம். பக்கத்தில் டீயும் பிஸ்கட்டும் ஆறிக் கிடந்தன.

"தாராபுரம் பக்கமுங்க. பேரு அருக்காணி. ராஜமாணிக்கம் எங்கண்ணனுங்க."

டீ வாங்கி வைத்தவன் எதிரே நின்றான். இருபத்தேழு வயதிருக்கும். நல்ல ஜாக்கெட். கண்ணுக்குக் கீழே கருமை.

"நமஸ்தே ஆன்ட்டி. நான் அக்ஷய். மயூர் விஹார்ல இருக்கேன். இவங்களுக்கு நான் சொன்னா புரியல. என் தமிழ் கொஞ்சம் கச்சா."

தஹியா ஒரு தாளை முன்னால் தள்ளினார். ஹிந்தியில் டைப் செய்தது.

"மேடம்ஜி, இதை அவளுக்குப் படித்துச் சொல்லுங்கள். கையெழுத்துப் போட்டால் உடலைக் கொடுத்துவிடலாம். ஜல்தி. சவக்கிடங்கில் இடமில்லை."

சாந்தகுமாரி படித்தாள். "உங்க அண்ணன் அறையைத் தாழ் போட்டுக்கிட்டு, உள்ளே கரி அடுப்பு வெச்சுத் தூங்கினதால இறந்தார். இதுல யார் மேலயும் சந்தேகமில்லைன்னு எழுதியிருக்கு."

அருக்காணி பேனாவைத் தொடவில்லை.

"உள்ளார கரி வெக்காதுங்க எங்கண்ணன்."

"ஏன்?"

"தொண்டைக்கு ஆகாதுங்க. ஊருல அடுப்பூதுனாக்கூட எந்திரிச்சு வெளிய போயிரும்."

சாந்தகுமாரி ஹிந்தியில் சொன்னாள். தஹியா பெருமூச்சு விட்டார். இழுப்பறையிலிருந்து ஒரு பாலிதீன் பையை எடுத்து மேஜைமேல் வைத்தார். உள்ளே அந்தத் தாழ்ப்பாள். தகட்டையும் கம்பியையும் சேர்த்து ஒரு பஞ்சுத் துண்டை வைத்து, கறுப்பு மின்சார டேப்பால் நாலைந்து சுற்றுச் சுற்றியிருந்தது. டேப்பின் மேல் தூசி படிந்து பிசுபிசுத்தது.

"உள்ளே தாழ். வெளியே இருந்து எவன் வர முடியும்? குளிரில் தொண்டையைப் பற்றி யார் யோசிப்பார்கள்? கட்டிலுக்கடியில் இருமல் மருந்து, முக்கால் பாட்டில் காலி. குடித்தான், தூங்கினான், முடிந்தது."

அக்ஷய் தலையைக் குனிந்துகொண்டான். "அன்னிக்கு சாயங்காலம் நான் அங்கதான் இருந்தேன் ஆன்ட்டி. ஏழரை வரைக்கும். அவன் தப்பட்டை வாசிச்சு ரெக்கார்ட் பண்ணான். அங்கீட்டி உள்ளேதான் இருந்துது. நானே அதுல கை காய்ச்சிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். வெளியில வெச்சுட்டுத் தூங்குன்னு சொல்லிட்டுத்தான் கிளம்பினேன்."

இதைச் சாந்தகுமாரி தஹியாவுக்கு ஹிந்தியிலும் அருக்காணிக்கு நல்ல தமிழிலும் சொன்னாள்.

அருக்காணி அவனையே பார்த்தாள். பிறகு ரவிக்கைக்குள்ளிருந்து மடித்த இன்லண்ட் கடிதம் ஒன்றை எடுத்தாள்.

"இதையும் அவுங்களுக்குப் படிங்கக்கா."

டிசம்பர் பன்னிரண்டாம் தேதியிட்ட கடிதம். சாந்தகுமாரி ஒவ்வொரு வரியாக ஹிந்தியாக்கினாள்.

'கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்று இங்கே வெளிவந்திருக்கிறது. ஏழு வாசல் என்று பெயர். இடிந்த கோட்டைக்குள் ஒரு சிப்பாய் ஏழு வாசல் தாண்ட வேண்டும். ஏழுக்கும் பாட்டு நான் போட்டதுதான். ஏழாம் வாசலில் வேறு வாத்தியமே இல்லை, நம் தப்பட்டை மட்டும். கேசட் கம்பெனியோடு போட்ட ஒப்பந்தத்தால் வேறெங்கும் என் பேர் வரக்கூடாது. அதனால் அக்ஷய் பேரில் போனது. அவன்தான் அந்த விளையாட்டுக் கம்பெனியில் சவுண்டு பார்க்கிறான், நல்ல பையன். ஒப்பந்தம் டிசம்பர் முப்பத்தொன்றோடு முடிகிறது. வெளிநாட்டில் ஜனவரி இருபதாம் தேதி அச்சுக்குப் போகும் விளையாட்டுப் பெட்டியில் என் பேர் இருக்கும். மானிக் இல்லை. முழுப் பேர். அம்மாவிடம் சொல்.'

வெளியே வயர்லெஸ் கரகரத்தது.

தஹியா அக்ஷய் பக்கம் திரும்பினார். "என்ன இது?"

"ஹெல்ப் பண்ணான் சார். கொஞ்சம் ஐடியா கொடுத்தான். அவ்வளவுதான். கம்போஸ் பண்ணது நான். வாசிச்சதும் நான்."

"தப்பட்டையும்?"

"அதுவும்தான். அவனோட டிரம்மை வாங்கி வாசிச்சேன். சார், அந்த வேலையை வெச்சுத்தான் லண்டன்ல எனக்கு ஜாப் கொடுத்திருக்காங்க. பிப்ரவரில சேரணும். விசா வந்தாச்சு. சும்மாவா கொடுப்பாங்க?"

"யார் பாட்டு யாருடையது என்று பார்ப்பது போலீஸ் வேலை இல்லை" என்றார் தஹியா. "மேடம்ஜி, கையெழுத்து."

சாந்தகுமாரி அதை மொழிபெயர்த்தாள். அருக்காணி கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அண்ணன் இருந்த எடத்தப் பாக்கோணுமுங்க. பாத்துப்போட்டு கையெழுத்துப் போடறனான்னு சொல்றேன்."

தஹியா கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு கான்ஸ்டபிளைக் கூப்பிட்டுச் சாவியைக் கொடுத்தார். "ஒரு மணி நேரம். அதற்குமேல் இல்லை."

*

பகல் ஒன்று பதினைந்து.

முனிர்காவின் சந்துகளில் தலைக்கு மேல் மின்கம்பிகள் கொடியாகப் பின்னிக் கிடந்தன. கான்ஸ்டபிள் முன்னே போனான். வீட்டுக்காரக் கிழவர் படியோரம் ஒதுங்கி நின்றார்.

"பாபா, திங்கட்கிழமை கரண்ட் எப்போது போனது?" சாந்தகுமாரி ஹிந்தியில் கேட்டாள்.

"எட்டு மணி சீரியல் ஆரம்பித்துப் பத்து நிமிஷம். மாமியார் விஷக் கிண்ணத்தைத் தூக்கினாள், போய்விட்டது. செவ்வாய் காலை பத்துக்குத்தான் வந்தது. குடித்தாளா இல்லையா என்று இன்னும் தெரியவில்லை."

"இருட்டில் யாராவது மேலே போனார்களா?"

"இந்த வீட்டில் பதினெட்டுப் பேர் குடியிருக்கிறார்கள், மகளே. இருட்டில் எல்லாக் காலும் ஒரே கால்."

மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியின் மறைவில் தரை வட்டமாகக் கறுத்திருந்தது. ஒரு நாளில் கறுத்த தரை இல்லை அது. பக்கத்தில் பாதி காலியான கரி மூட்டை. குப்புறக் கவிழ்த்த பெயின்ட் டப்பா ஒன்று, உட்காருவதற்கு. சாந்தகுமாரி அங்கேயே கொஞ்ச நேரம் நின்றாள்.

உள்ளே குளிர். சத்தம் எதிரொலிக்காமல் இருக்க மாட்டிய ரஜாய்களின் பஞ்சு வாடை. ஒரு கட்டில், ஒரு மைக், மரச் சட்டத்தில் திருகி வைத்த டிஜிட்டல் ரெக்கார்டர், அலமாரி. அலமாரியின் மேல்தட்டில் எங்கும் தூசி. நடுவில் மட்டும் ஷூ பெட்டி அளவுக்குச் சுத்தமான இடம். ஆணியில் தப்பட்டை தொங்கியது. இரண்டு குச்சிகளும் அதன் கயிற்றிலேயே செருகியிருந்தன.

ரெக்கார்டரின் முகப்பில், கேசட் போகும் மூடியின் விளிம்பு நசுங்கியிருந்தது. யாரோ நெம்பிப் பார்த்திருக்கிறார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது.

"இதில் என்ன இருக்கிறது?"

கான்ஸ்டபிள் தோளைக் குலுக்கினான். "தொட்டதில்லை மேடம். கரண்ட் இல்லாமல் இது வாயைத் திறக்காது. அப்புறம் சீல் வைத்துவிட்டோம்."

"போட்டுப் பாருங்கள்."

அவன் ஒரு பொத்தானை அழுத்தினான். கேசட் பின்னோக்கிச் சுழன்று நின்றது. மறுபடி அழுத்தினான்.

தப்பட்டை அறையை நிறைத்தது. கணீரென்று, ஒவ்வொரு அடியும் ஓரம் வெட்டியதுபோல. அருக்காணி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

பதினைந்து நிமிடம் ஓடியது. அடியின் கணீர் கொஞ்சம் கொஞ்சமாக மங்கியது. தோல் தளர்ந்து, சத்தம் அடிவயிற்றுக்கு இறங்கியது. வாசிப்பு நின்றது. இருமல். பிறகு ஒரு குரல், மைக்குக்கு வெகு அருகில்.

"ஆறிப்போச்சு."

அருக்காணி வாயைப் பொத்திக்கொண்டாள்.

துணி விலகும் சத்தம். கதவு. நடை. கேசட் ஓடிக்கொண்டே இருந்தது. எங்கோ மேலே ஒரு விமானம் இறங்கிக் கடந்தது. சில நிமிடங்களில் நடை திரும்பியது, கதவு, துணி. ஓர் அடி. மறுபடி அதே கணீர்.

சாந்தகுமாரி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். கான்ஸ்டபிள் முன்னோக்கி ஓட்டப் போனபோது கையைக் காட்டித் தடுத்தாள். மூன்று தடவை தோல் ஆறியது. மூன்று தடவையும் ராஜமாணிக்கம் வெளியே போய் வந்தான். வேறு குரல் எங்கும் இல்லை. எழுபத்தைந்தாம் நிமிடத்தில், உச்சத்தில், ஓர் அடியின் நடுவிலேயே சத்தம் அறுந்தது.

"கரண்ட் போயிருக்கிறது" என்றான் கான்ஸ்டபிள்.

"ஆமாம்."

சாந்தகுமாரி கதவருகே போனாள். தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நான்கு திருகு ஓட்டைகள். கதவை மெல்லத் தட்டினாள். நிலையில் இருந்த கொக்கி கிணுகிணுத்தது. இன்னொரு தடவை தட்டினாள். மறுபடி கிணுகிணுத்தது.

அருக்காணியின் பக்கத்தில் குந்தினாள்.

"கண்ணு, கையெழுத்துப் போடாதே."

மொழிபெயர்க்க வந்த இடத்தில் அவள் சொந்தமாகச் சொன்ன முதல் வாக்கியம் அது. தப்பட்டையை ஆணியிலிருந்து எடுத்தாள். பிடிக்க வேண்டிய விதத்தில், இடது தோளோடு அணைத்துப் பிடித்தாள். அருக்காணி அதைக் கவனித்தாள்.

*

மாலை மூன்று நாற்பது.

"ஒரு மணி நேரம் என்றேன்" என்றார் தஹியா.

"நான்கு கேள்வி சார். அவனிடம். நீங்கள் கேட்பதாக வைத்துக்கொள்ளுங்கள்."

தஹியா அவளை ஏற இறங்கப் பார்த்தார். ஏழு தடவை வந்தபோது இந்த அம்மாள் தானாக வாய் திறந்ததில்லை. நாற்காலியில் சாய்ந்தார். "அச்சா. கேளுங்கள்."

அக்ஷய் உள்ளே வந்தான். மேஜைமேல் தப்பட்டை இருந்தது.

"ஏழாம் வாசலுக்கு நீங்கதான் வாசிச்சீங்க?"

"சொன்னேனே ஆன்ட்டி."

"எத்தனை நாள்?"

"ரெண்டு வாரம் இருக்கும்."

"கொஞ்சம் வாசிச்சுக் காட்டுங்க."

"இப்பவா?" அவன் தஹியாவைப் பார்த்துச் சிரிக்க முயன்றான். தஹியா சிரிக்கவில்லை. அவன் தப்பட்டையை மடியில் படுக்க வைத்தான். குச்சியால் தட்டினான். ஈரச் சாக்கைத் தட்டியதுபோல் பொத்தென்றது. இன்னொரு தடவை. பொத்.

"கெட்டுப்போச்சு இது."

"கெட்டா என்ன செய்வீங்க?"

"ட்யூன் பண்ணணும்." அவன் சட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். திருகைத் தேடினான். வெறும் மரம், வெறும் தோல். "இதுக்கு... ஸ்டூடியோல ஆள் இருக்கான். அவன் பண்ணுவான்."

சாந்தகுமாரி வாசல் பக்கம் திரும்பினாள். "கண்ணு, வா."

அருக்காணி உள்ளே வந்தாள். தப்பட்டையை வாங்கிக்கொண்டு வெளியே போனாள். முற்றத்தில் காவலர்கள் ஒரு தகர டப்பாவில் உடைந்த பெட்டிக் கட்டைகளைப் போட்டுக் குளிர்காய்ந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் விலகி இடம் விட்டார்கள். ஜன்னல் வழியே எல்லோரும் பார்த்தார்கள். அவள் தோலைத் தீக்கு மேலே காட்டினாள். சுற்றினாள். விரலால் சுண்டிப் பார்த்தாள். மறுபடி காட்டினாள். மூன்று நிமிடம் ஆயிற்று.

திரும்பி வந்து, நின்றபடி, ஒரே ஓர் அடி அடித்தாள்.

மேஜைமேல் இருந்த கண்ணாடித் தம்ளர் அதிர்ந்தது. அடுத்த அறையில் டைப் அடிக்கும் சத்தம் நின்றது.

அக்ஷய் வாசல் பக்கம் பார்த்தான்.

"சார்," சாந்தகுமாரி தஹியாவிடம் ஹிந்தியில் பேசினாள். "இந்த வாத்தியத்துக்குத் திருகு கிடையாது. தீதான் சுருதி. டில்லிக் குளிரில் கால் மணிக்கு ஒரு தடவை காய்ச்ச வேண்டும். ரெண்டு வாரம் இதை வாசித்தவனுக்கு அது தெரியாமல் போகாது. வாசித்தவன் இவன் இல்லை."

"சரி. பாட்டுத் திருடன். கொலைகாரன் எப்படி ஆனான்?"

"டில்லியில் பிறந்த பிள்ளைக்கு அங்கீட்டி என்றால் குளிர்காய்வது. அதனால்தான் அந்தப் பொய். ராஜமாணிக்கம் வாசிக்கும்போது அறைக்குள் கரி இருந்தது, இவன் கை காய்ச்சினான் என்றான். கேசட்டைக் கேளுங்கள். அறைக்குள் நெருப்பு இருந்தால் தோல் ஏன் ஆறுகிறது? மூன்று தடவை அவன் ஏன் கதவைத் திறந்து வெளியே போகிறான்? நெருப்பு வெளியே இருந்தது. தொட்டிக்குப் பக்கத்தில் தரை கறுத்திருக்கிறது. கேசட் எழுபத்தைந்து நிமிடம். முடிந்தது எட்டுப் பத்துக்கு, கரண்ட் போனபோது. அப்படியானால் தொடங்கியது ஏழுக்கு ஐந்து நிமிடம் முன்னால். ஏழரைவரை உட்கார்ந்திருந்த இவனுடைய ஒரு பேச்சு, ஒரு தும்மல் அதில் இல்லை."

தஹியா மேஜையில் விரலால் தட்டினார். "எட்டுப் பத்துக்குப் பிறகு அவனே அங்கீட்டியை உள்ளே கொண்டுபோயிருக்கலாம். குளிர் யாரை விட்டது? தாழையும் போட்டுக்கொண்டான்."

"தாழைக் காட்டுங்கள்."

அவர் பாலிதீன் பையைத் தள்ளினார்.

"இந்தக் கம்பியை நகர்த்திப் பாருங்கள்."

தஹியா பைக்கு மேலாகவே பிடித்துத் தள்ளினார். நகரவில்லை. அழுத்தினார். பஞ்சு நசுங்கியது, டேப் விடவில்லை. கம்பி திறந்த நிலையிலேயே இறுகிக் கிடந்தது.

"தப்பட்டை அடித்தால் தாழ்ப்பாள் கிணுகிணுக்கும். ரெக்கார்டில் விழும். அதனால் பஞ்சு வைத்துக் கட்டிவிட்டான். டேப்பில் படிந்த தூசியைப் பாருங்கள், எத்தனை மாதத்துத் தூசி. அந்தத் தாழை யாரும் போட்டிருக்கவே முடியாது. தாழ் போட்டிருந்தது, உடைத்தேன் என்று சொன்னது இவன் ஒருவன்தான்."

தஹியா பையை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தார். மூன்று நாளாக அவருடைய இழுப்பறையில் கிடந்த பை.

"கேசட்டுகள் இருந்த பெட்டியைக் காணோம், அலமாரித் தூசியில் ஷூ பெட்டி அளவுக்கு அதன் தடம்தான் இருக்கிறது" என்றாள் சாந்தகுமாரி. "ரெக்கார்டருக்குள் இருந்தது மட்டும் தப்பியது. கரண்ட் இல்லாமல் அது வெளியே வராது. செவ்வாய் காலை இவன் அதற்குத்தான் வந்தான். மூடியை நெம்பினான். கிழவர் குரல் கொடுத்தார். அவர் மூன்று மாடி ஏறும் நேரத்தில் தாழைப் பெயர்த்துவிட்டு அலறினான். பனிமூட்டம், அரை இருட்டு. கையில் பெயர்த்தது என்னவென்று பார்க்கவில்லை."

தஹியா எழுந்தார். கதவருகே நின்ற கான்ஸ்டபிளிடம் சொன்னார்: "மயூர் விஹாருக்கு ஜீப் அனுப்பு. இவன் வீடு. ஷூ பெட்டி அளவு பெட்டி."

"வேண்டாம் சார்" என்றான் அக்ஷய். "கட்டிலுக்கடியில இருக்கு. அம்மாவை எழுப்பாதீங்க. ஹார்ட் பேஷன்ட்."

பிறகு அவன் சாந்தகுமாரியைப் பார்த்துத் தமிழில் பேசினான்.

"குளிருதுன்னுதான் உள்ளே வெச்சேன் ஆன்ட்டி. சத்தியமா."

"பெட்டியை எடுத்தது முன்னாடியா, அங்கீட்டியை வெச்சது முன்னாடியா?"

அவன் ஜாக்கெட் ஜிப்பை மேலும் கீழும் இழுத்தான்.

"ஒரு வருஷம் வெயிட் பண்ணுன்னு கேட்டேன். நான் லண்டன் போய் செட்டில் ஆயிட்டு நானே சொல்றேன்னேன். சிரிச்சான். 'நாலு வருஷம் பேர் இல்லாம இருந்தாச்சுடா'ன்னான். கோவமாக்கூட சொல்லல. ரொட்டி கொடுத்தான் எனக்கு. மருந்தைக் குடிச்சான், பேசிக்கிட்டே தூங்கிட்டான். நான் இருட்டுல உட்கார்ந்திருந்தேன். ரொம்ப நேரம். வெளியில கரி சிவப்பா இருந்துது."

சாந்தகுமாரி அதை ஹிந்தியில் சொன்னாள். கூட்டவில்லை, குறைக்கவில்லை. பிறகு அருக்காணிக்கும் சொல்ல வேண்டியிருக்குமோ என்று திரும்பினாள். தேவைப்படவில்லை. அந்தத் தமிழ் அவளுக்குப் புரிந்திருந்தது.

*

மாலை ஐந்து பத்து.

ஜீப் திரும்பி வந்தது. பெட்டியில் பதினோரு கேசட்டுகள். ஒவ்வொன்றின் மேலும் பால்பாயின்ட் பேனாவால், தமிழில்: முதல் வாசல், இரண்டாம் வாசல். கூடவே அந்த விளையாட்டின் சிடி. உறையின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் நிறையப் பெயர்கள். இசை என்ற இடத்தில் அக்ஷய்.

தஹியா பழைய தாளைக் கிழித்துப் போட்டார். புதிய தாளில் எழுதத் தொடங்கினார். நடுவில் தலை நிமிர்ந்தார்.

"ஒன்று சொல்லுங்கள் மேடம்ஜி. தீயில் காட்டுவது, தோல் ஆறுவது... ஆபீஸில் வேலை பார்க்கிற உங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?"

லோதி ரோட்டில் இருபத்திரண்டு வருடமாக, டிபன் டப்பாவைத் திறக்கும் நேரங்களில், எந்த ஊர், யார் வீடு, என்ன ஆட்கள் என்று பக்கத்து மேஜைகளிலிருந்து கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. அவள் ஒவ்வொரு தடவையும் ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொண்டிருக்கிறாள்.

"எங்கப்பா அடிச்சவர்" என்றாள். ஹிந்தியில் சொல்ல நினைத்தது தமிழில் வந்துவிட்டது. பிறகு ஹிந்தியிலும் சொன்னாள். "சாவுக்கும் கல்யாணத்துக்கும். தீ மூட்டுவது என் வேலை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள். கோர்ட்டில் கேட்பார்கள்."

தஹியா எழுதிக்கொண்டார்.

வெளியே வெளிச்சம் போய்விட்டது. முற்றத்துத் தீயும் அணைந்திருந்தது. அருக்காணி தப்பட்டையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். யாரோ சிடியை அவளிடம் கொடுத்திருந்தார்கள். உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. பெயர்கள் இருக்கும் இடம் மட்டும் தெரிந்தது. அதன்மேல் விரலை வைத்திருந்தாள்.

உடலை நாளைக் காலை எட்டு மணிக்கு வாங்கிக்கொள்ளலாம் என்றார் தஹியா. சாந்தகுமாரி சொன்னாள். அருக்காணி தலையாட்டினாள். பிறகு, சிடியிலிருந்து கண்ணை எடுக்காமல், ஏதோ மெல்லக் கேட்டாள்.

தாராபுரத்துத் தமிழை ஹிந்தியாக்கப் பழகிய நாக்குதான் சாந்தகுமாரிக்கு. ஆனாலும் நேரமாயிற்று. தஹியா பக்கம் திரும்பினாள்.

"'இருபதாம் தேதி அச்சடிக்கிற பெட்டியில இனி எங்கண்ணன் பேரு வருமா'ன்னு கேட்கிறாள், சார்."